எழுதின விலை

எனக்கு வாய் ஜாஸ்தி. மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கே பாசாரில் பத்துக் காசு சொன்ன மீனை ஐந்துக்குக் கேட்டு, ஏழுக்கு முடித்து, மேலே ஒரு பிடி இறாலையும் கூடையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவளை எங்கள் பக்கத்தில் ஏமாளி என்பார்கள். கலியாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. என் வீட்டுக்காரருக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. அவர் ரயில்வே ஆபீசில் கிளார்க். அச்சடித்த கட்டணத் தாளைப் பார்த்தே காலம் தள்ளியவர். நான் பேரம் ஆரம்பித்தால் பத்தடி தள்ளிப் போய் நின்று வானத்தைப் பார்ப்பார்.

ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. ரயில்வேயில் ஆட்குறைப்பு செய்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் இவர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். வேலை இல்லை. மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊருக்குத் திரும்ப விரும்பினால் குடும்பத்தோடு கப்பல் டிக்கெட் உண்டு. டிக்கெட் வேண்டுமா வேண்டாமா என்று சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஆபீசில் வந்து சொல்லிவிட வேண்டும்.

ஊர் என்றால் அது அவருக்கு ஊர். எனக்கு என்ன ஊர்? நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் இவருடைய அண்ணன் வீடு இருக்கிறது. அங்கிருந்து வந்த கடிதத்தில், 'வந்தால் பின்கட்டில் இருந்துகொள்ளலாம், சமையலுக்கும் ஆள் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். நானும் என் இரண்டு பெண்களும் கடல் தாண்டிப் போய் இன்னொருத்தி வீட்டு அடுப்பை ஊத வேண்டுமா?

"நான் கப்பல் ஏறமாட்டேன்" என்றேன்.

"ஏறாம இங்க என்ன சாப்பிடுறது?" என்றார்.

அதற்கு ஒரே ஒரு பதில்தான் எங்களிடம் இருந்தது. கோர்ட்டுக்குப் பக்கத்தில், கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் மேஜை போட்டு, ஜனங்களுக்கு இங்கிலீஷில் மனு டைப் அடித்துக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். இவருக்கு இங்கிலீஷ் சுத்தமாக வரும். விரலும் வேகம். மிஷின்தான் இல்லை. புது டைப் மிஷின் வாங்குகிற யோக்கியதை எங்களுக்கு ஏது?

அந்த வாரம்தான் பெரிய கடையில் சேல் போட்டார்கள். சிங்கப்பூர், பினாங்கு, ஈப்போ என்று எங்கும் கிளை வைத்திருந்த வெள்ளைக்காரன் கடை அது. எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் யாரும் அதற்குள் போனதில்லை. மின்விசிறியும் கண்ணாடி அலமாரியும் துரைசாணிகளும் இருக்கிற இடத்தில் நமக்கு என்ன வேலை என்று வெளியே நின்று பார்த்துவிட்டு வருவோம். காட்சிக்கு வைத்திருந்த பழைய டைப் மிஷின் ஒன்றைத் தள்ளுபடியில் போட்டிருக்கிறார்கள் என்று இவருடைய ஆபீஸ் சிநேகிதர் வந்து சொன்னார்.

புதன்கிழமை இரண்டு பேரும் போனோம். மிஷினில் ஒரு அட்டை தொங்கியது. நாற்பது வெள்ளி (டாலரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) என்று எழுதி அடித்துவிட்டு, கீழே முப்பத்திரண்டு என்று போட்டிருந்தது. விற்கிறவர் ஒரு தமிழர். நாற்பது வயசு இருக்கும். வெள்ளை டிரில் கோட்டும் டையும் போட்டு, எங்களிடம் இங்கிலீஷிலேயே பேசினார். ஒரு தாளைச் செருகி இவரிடம் கொடுத்தார். இவர் நின்றபடியே ஒரு வரி அடித்தார். வரி முடிகிற இடத்தில் டிங் என்று மணி அடித்தது. வேலை போன கடிதம் வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "இங்க பாரு, பின்னால சின்னதா ஒரு சுத்தி இருக்கு. அதுதான் மணியத் தட்டுது" என்று எனக்கு மிஷினைத் திருப்பிக் காட்டினார்.

என் கையில் இருபத்தைந்து வெள்ளிதான் இருந்தது. ஒரு ஜோடி வளையலை விற்ற காசு. விற்பதற்கு அதற்குமேல் வீட்டில் ஒன்றும் இல்லை.

"இருபது வெள்ளிக்குக் குடுப்பீங்களா அண்ணே?" என்றேன், தமிழிலேயே.

அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இவருக்குக் காது சிவந்துவிட்டது. விற்கிறவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். "எழுதின விலைதான் விலைன்னு சொல்றார். மானத்த வாங்காத, வா" என்றார்.

வியாழக்கிழமை இவர் டிரங்குப் பெட்டியை எடுத்து வெயிலில் வைத்தார். பெரியவள் வந்து, "கப்பல்ல போறோமாம்மா?" என்று கேட்டபோது எனக்கு அவளை அறையலாம் போல் ஆத்திரம் வந்தது. அவள் மேல் என்ன தப்பு?

வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் கடைத்தெருவில் காலையில் முதல் போணி பண்ண வருகிறவளை எந்தக் கடைக்காரனும் வெறுங்கையோடு அனுப்பமாட்டான். முதல் ஆள் வாங்காமல் போனால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று பயம். கொஞ்சம் குறைத்தாவது கொடுத்து, காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போடுவான். துணிக் கடைக்காரன், பாத்திரக் கடைக்காரன், சீனன்கூட அப்படித்தான். கடை என்று இருந்தால் போணி இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளைக்காரன் கடையும் கடைதானே?

சனிக்கிழமை விடிந்ததும் குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். "எங்க?" என்றார். "கோயிலுக்கு" என்றேன். ரிக்‌ஷா காசை மிச்சம் பிடிக்க நடந்தே போனேன். கடையின் பெரிய கதவு திறந்தபோது வாசலில் நின்ற ஒரே ஆள் நான்தான். மிஷின் அதே இடத்தில் இருந்தது. சேல் அன்றோடு முடிகிறது.

அதே டைக்காரர் வந்தார். நான் இருபத்தைந்து வெள்ளியையும் கண்ணாடி மேஜைமேல் வைத்தேன்.

"அண்ணே, போணி. நான்தான் இன்னிக்கு மொத ஆள். குடுத்துடுங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகுதான் அவர் வாயிலிருந்து தமிழ் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அக்கா, இங்க போணியெல்லாம் கெடையாது. முப்பத்திரண்டுன்னா முப்பத்திரண்டுதான். எழுதின விலைதான் விலை."

என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர், என்னை அக்கா என்றார்.

"ஏழு வெள்ளி உங்க மொதலாளிக்கு ஒரு காசா அண்ணே? எனக்கு அது குடும்பம். மத்தியானத்துக்குள்ள இது கெடைக்கலன்னா நான் கப்பல் ஏறணும்."

"எனக்குப் புரியுது. ஆனா பேரம் பேசினேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்க்கா. காசை எடுங்க. தொர மேலதான் இருக்கார்."

நான் எடுக்கவில்லை. அவருக்கு நெற்றி வியர்த்தது. அந்த நேரம் ஒரு துரைசாணி உள்ளே வந்து தொப்பி அலமாரிப் பக்கம் நின்று கையைத் தட்டினாள். அவர் என்னைப் பார்த்து, "போயிடுங்க, தயவு செஞ்சு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் ஓடினார்.

நான் மட்டும் மிஷினுக்கு முன்னால் நின்றேன். பாசாரில் கத்தரிக்காயைப் பேரம் பேசும்போது, சொத்தை இல்லாவிட்டாலும் நகத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டு, "இதைப் பாரு, பூச்சி" என்று காட்டுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பார்ப்பது என்ன, நானே செய்திருக்கிறேன். கை தானாகத் தலைக்குப் போயிற்று. பூச்சரத்தின் நுனியில் தொங்கிய வாழை நாரைக் கிள்ளி எடுத்தேன். மடித்தேன். மிஷினுக்குப் பின்னால் கையை விட்டு, மணிக்கும் அந்தச் சின்னச் சுத்திக்கும் நடுவில் திணித்தேன். யாரும் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வந்ததும், "மணி அடிக்க மாட்டேங்குதே. கெட்டுப்போன சாமானுக்கா முப்பத்திரண்டு வெள்ளி?" என்றேன். குரல் வேண்டுமென்றே பெரிதாக வந்தது.

"மெதுவா பேசுங்கக்கா. நேத்து சாயங்காலம் நானே அடிச்சுப் பார்த்தேன்."

"இப்ப அடிச்சுப் பாருங்க."

அவர் அடித்தார். வரி முடிந்தது. மணி அடிக்கவில்லை. இன்னொரு முறை அடித்தார். அதற்குள் மாடிப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. துரை வந்துவிட்டார். உயரமான ஆள், கையில் ஒரு நீலப் பென்சில். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பாசார் மலாய்தான் கைகொடுத்தது.

"துவான், இனி ரோசாக். போலே கூராங்?" என்றேன். துரையே, இது கெட்டுப்போச்சு, குறைக்க முடியுமா என்று அர்த்தம்.

துரை என்னைப் பார்க்கவில்லை. டைக்காரரைப் பார்த்து ஏதோ கேட்டார். அவர் பதில் சொல்லிவிட்டு மறுபடி அடித்துக் காட்டினார். மணி இல்லை. துரை சரக்கு லிஸ்ட் மாதிரி ஒரு தாளை எடுத்து அதில் ஒரு இடத்தை விரலால் தட்டினார். தட்டின இடத்தில் டைக்காரரின் கையெழுத்து இருந்திருக்க வேண்டும். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு அவர் மிஷினைத் தன் பக்கம் திருப்பிக் குனிந்து பின்புறத்தைப் பார்த்தார்.

அந்த நாரின் நுனி ஒன்று வெளியே தெரிந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கதவு தூரத்தில் இருந்தது. அவர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது துரையிடம் இரண்டு வார்த்தை சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. துரை நீலப் பென்சிலால் முப்பத்திரண்டை அடித்து இருபத்துநாலு என்று எழுதிவிட்டு, டைக்காரரிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லி மாடிக்குப் போனார். அவர் சொன்னது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஒரு வெள்ளி மிச்சம், ரிக்‌ஷாவுக்கு ஆச்சு என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து, இவர் கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து நாரை உருவி அடுப்பில் போட்டேன். இவர் வந்து மிஷினைப் பார்த்துவிட்டு, எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

"மணி அடிக்கலன்னு கொறைச்சுக் குடுத்தாங்க" என்றேன்.

அவர் உட்கார்ந்து ஒரு வரி அடித்தார். டிங் என்றது.

"நல்லாத்தான அடிக்குது?"

"வண்டியில குலுங்கினதுல சரியாயிருக்கும்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கப்பல் டிக்கெட் வேண்டாம் என்று சொல்ல ஆபீசுக்குப் போனார். மத்தியானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அஞ்சடியில் இவருக்கு இடம் கிடைத்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஒரு தையற்கடைக்கு மேலே அறை எடுத்தோம். வியாபாரம் பரவாயில்லை. வேலை போனவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள், எல்லோருக்கும் ஒரு மனு தேவைப்பட்டது. இவர் ஒரு அட்டையில் 'மனு ஒன்றுக்கு ஐம்பது காசு' என்று எழுதித் தொங்கவிட்டார். யார் குறைத்துக் கேட்டாலும் அட்டையைக் காட்டுவார்.

மூன்று மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் நான் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு போனேன். முக்காலியில் ஒரு ஆள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது, கழுத்துப் பட்டையில் வெள்ளை நூல் பிரிந்திருந்தது. நான் தூண் பக்கம் நின்றேன்.

"என்ன காரணம் சொல்லி நிறுத்தினாங்க?" என்று இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கெட்டுப்போன சரக்க நல்ல சரக்குன்னு லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டேன்னு. பன்னெண்டு வருஷம் சார். சிங்கப்பூர் பெரிய ஆபீசுக்கு எழுதணும். அந்த மணி நல்லாத்தான் இருந்துச்சு, மொத நாள் சாயங்காலம் நானே அடிச்சுப் பார்த்தேன், அதத்தான் எழுதணும்."

"எந்த மணி?" என்றார் இவர்.

"டைப் மிஷின் மணி சார்."

எனக்குக் குரலில் ஆளைத் தெரிந்துவிட்டது. இவர் தலையைத் தூக்கினார். அந்த ஆளின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். பிறகு தாளைச் செருகி அடிக்க ஆரம்பித்தார். விரல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வரி முடிந்தது, டிங் என்றது.

அந்த ஆள் பேசுவதை நிறுத்தினார். மிஷினை இப்போதுதான் நன்றாகப் பார்த்தார். கையை நீட்டி அதன் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னக் கீறலைத் தொட்டார். பிறகு மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்தார். டை இல்லை, மூன்று நாள் தாடி.

"நல்லாத்தான் அடிக்குது, இல்லக்கா?" என்றார்.

நான் கேரியரைக் கீழே வைத்தேன். வாய் ஜாஸ்தி என்று சொன்னேனே, அந்த வாய் அப்போது வரவில்லை.

"வாழ நாரு. பூ கட்டுற நாரு. அன்னிக்கே பார்த்தேன்" என்றார்.

"பார்த்துட்டு ஏண்ணே சொல்லல?"

"சொன்னா உங்கள போலீஸ்ல புடிச்சுக் குடுத்திருப்பான். எனக்கு ஒரு ஏச்சோட போயிடும்னு நெனச்சேன். வேலை போகும்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதாவது இருப்பேன். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்க நினைத்தேன், கேட்கப் பயமாக இருந்தது.

"என்னங்க, எழுதுங்க. நாரு வெச்சது நான்தான்னு, அவர் மேல தப்பு இல்லன்னு எழுதுங்க" என்றேன்.

"மிஷினத் திரும்பக் கேப்பாங்க" என்றார் இவர். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

"கேக்கட்டும்."

இவர் பாதி அடித்த தாளை உருவி ஓரமாக வைத்தார். புதுத் தாளைச் செருகினார். நான் தமிழில் சொன்னேன், இவர் இங்கிலீஷில் அடித்தார். போணிக்குப் போனது, நாரைக் கிள்ளியது, மணியில் திணித்தது, எல்லாம். ஒவ்வொரு வரிக் கடைசியிலும் அந்த மணி அடித்தது. கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். பிறகு இவர் அவருடைய மனுவையும் முடித்துக் கொடுத்தார்.

அந்த ஆள் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மனுவோடு சேர்க்காமல், தனியாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இத அனுப்புறதா வேணாமான்னு நான் பார்த்துக்குறேன்" என்றார். அனுப்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடையிலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள், படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் என் கை வேலையை விட்டுவிடும்.

எழுந்தவர் பையைத் துழாவினார். இவர் பதறிப்போய், "வேண்டாம், வேண்டாம்" என்று கையை ஆட்டினார். நானும், "அண்ணே, தயவு செஞ்சு வேண்டாம்ணே" என்றேன். அவர் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பத்துக் காசும் ஐந்து காசுமாகப் பொறுக்கி, ஐம்பது காசை மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"போர்டுல எழுதியிருக்கே சார். எழுதின விலைதான் விலை."

அவர் கோர்ட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். நான் கேரியரைத் திறந்து, "சாப்பிடுங்க" என்றேன். "நீ வீட்டுக்குப் போ" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல். அடுத்த ஆள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். இவர் அந்தக் காசை எடுக்காமல் அப்படியே ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, தாளைச் செருகி அடிக்க ஆரம்பித்தார். தெருமுனை திரும்புகிறவரை எனக்கு அந்த மணி கேட்டுக்கொண்டே இருந்தது.